கவிழ்த்து வைத்த வாளி

தான் தண்ணீர் மாதிரி ஆள் என்று ஏரம்பு அண்ணை எழுந்து நின்று சொன்னபோது மண்டபத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, தண்ணீர் என்று எழுதிக் கடதாசி ஒட்டிய மூலைக்குப் போய்க் கைகட்டிச் சிரித்தபடி நின்றார். நான் விறைத்துப்போனேன். அறுபது வயது தாண்டிய மனிதர், எனக்குப் பக்கத்து வளவுக்காரர், தன்னைப் பற்றி இவ்வளவு காலமும் இப்படியா நினைத்துக்கொண்டிருந்தார்?

அது எங்கள் அக்கராயன் கமக்காரர் அமைப்புக்கு, வயல் செய்கிற எங்களுக்கு, நடந்த ஒருநாள் பயிற்சி. நடத்த வந்தவள் தேனுகா என்ற பிள்ளை. கிளிநொச்சியிலிருந்து ஸ்கூட்டியில் வந்திருந்தாள். ஓர் அமைப்பு சண்டை சச்சரவில்லாமல் நடக்க வேண்டுமென்றால் அதில் இருக்கிறவர்கள் முதலில் தாங்கள் என்ன மாதிரியான ஆட்கள் என்று அறிந்திருக்க வேண்டுமாம். மண்டபத்தின் நாலு மூலையிலும் நாலு கடதாசி ஒட்டினாள். நெருப்பு என்றால் சட்டென்று பற்றிச் சட்டென்று அணைகிறவர். தண்ணீர் என்றால் விட்டுக்கொடுத்து வளைந்து போகிறவர். காற்று ஓரிடத்தில் நில்லாதவர். மண் லேசில் அசையாதவர். மனசுக்குப் பட்ட மூலைக்குப் போகச் சொன்னாள். நான் யோசிக்காமல் நெருப்பு மூலைக்குப் போனேன். நான் போன வேகத்தைப் பார்த்து முழு மண்டபமும் தலையாட்டியது எனக்கு எரிச்சலைத் தந்தது, அது வேறு கதை.

"இப்ப உங்களைத் தெரிஞ்ச ஒராளிட்டக் கேளுங்கோ, நீங்கள் நிக்கிற மூலை சரியோ எண்டு," என்றாள் தேனுகா. "எங்களை நாங்களே பாக்கிறது லேசான வேலையில்லை. முதுகில என்ன ஒட்டியிருக்கெண்டு பின்னால வாற ஆளுக்குத்தான் தெரியும்."

ஏரம்பு அண்ணை மண்டபத்துக்குக் குறுக்கே என்னைப் பார்த்தார்.

"என்ன கமலாசனி, நான் தண்ணிதானே?"

எல்லோருடைய கண்ணும் என்மேல் வந்து நின்றது. "ஓம் அண்ணை, வேறென்ன," என்றேன். வாய் நீளம் என்று ஊரில் பெயர் எடுத்த எனக்கே அதற்கு மேல் சொல் வரவில்லை. ஏனென்றால் அன்று காலையில் நான் வீட்டிலிருந்து இறங்கும்போது அவர்கள் வீட்டுக் கிணற்றுக்கட்டில் வாளி கவிழ்ந்து கிடந்தது.

வாளியைப் பற்றிச் சொல்லுவதற்கு முன் அந்த மனிதரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அவருடைய தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். குளத்துக்குக் கீழே வயற்காணி கொடுத்து ஆட்களைக் குடியேற்றிய காலத்தில் காடு வெட்டிக் குடியேறினார். அந்தக் காட்டைவிடக் கரடான மனிதர் என்று என் மாமியார் சொல்லுவார். கத்துவார், அடிப்பார், சோற்றுக் கோப்பையைத் தூக்கி முற்றத்தில் எறிவார். சின்ன ஏரம்பு வேலிக்கு இந்தப் பக்கம் ஓடிவந்து எங்கள் மாட்டுக்கொட்டிலுக்குள் ஒளிந்திருப்பாராம். தான் வளர்ந்தால் கத்துவதில்லை, அடிப்பதில்லை என்று அங்கே இருந்துதான் முடிவெடுத்திருக்க வேண்டும். எடுத்த முடிவைக் காப்பாற்றினார், அதை நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்லுவேன். பெண்சாதி மேல் கை நீட்டியதில்லை. கெட்ட சொல் ஒன்று அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. யுத்தம் முடிந்து முகாமிலிருந்து திரும்பி வந்து, கூரையில்லாத வீட்டைப் பார்த்து நாங்களெல்லாம் தலையில் அடித்துக்கொண்டு கத்தினோம். அவர் ஒரு சத்தமும் வைக்காமல் மண்வெட்டியைத் தேடி எடுத்தார். அவர் வரம்பு கட்டினால் நூல் பிடித்ததுபோல் இருக்கும். செத்த வீடென்றாலும் கலியாண வீடென்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பார்.

"எனக்குக் கோவமே வாறேல்லை கமலாசனி. எங்கட பங்குக்கும் சேத்து அப்பர் கோவிச்சுப்போட்டுப் போட்டார்," என்று சொல்லிச் சிரிப்பார்.

கோபம் வரும். வந்தால் பேச மாட்டார், அவ்வளவுதான். கறியில் உப்புக் கூடினால், வயலுக்குத் தண்ணீர் பிந்தினால், யாரோ எங்கேயோ ஒரு வார்த்தை தவறாகச் சொன்னால், வாய் மூடிக்கொள்ளும். கேட்டால் பதில் இல்லை. சோற்றை வைத்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார், அல்லது சாப்பிடவே மாட்டார். கட்டாயம் ஏதும் சொல்ல வேண்டியிருந்தால் நாயிடம் சொல்லுவார். "ஜிம்மி, எனக்குத் தேத்தண்ணி வேண்டாம்." அவர் மனைவி விமலேஸ்வரி, எங்களுக்கு விமலக்கா, தேத்தண்ணிக் கோப்பையோடு நாய்க்கும் மனிதனுக்கும் நடுவில் நிற்பார். ஒரு நாளில் தெளிந்தால் நல்லகாலம். சில நேரம் விதைத்தது முளைத்துப் பச்சை பிடிக்கும்வரை இழுக்கும். எதற்குக் கோபம் என்றும் தெரியாது, எப்போது முடியும் என்றும் தெரியாது. என் வீட்டில் நான் கத்தினால், கத்தி முடிய என் மனுசன் எழும்பிப்போய்ப் பாட்டுக் கேட்பார். அங்கே அப்படி முடிகிற இடமே இல்லை. ஏரம்பு அண்ணை அதற்குப் பொறுமை என்று பெயர் வைத்திருந்தார்.

இனி வாளி. அவர்களுடைய கிணறு படலைக்கு நேரே, முற்றத்தின் ஓரத்தில் இருக்கிறது. வீட்டில் அந்தப் பேசாத காலம் தொடங்கினால் கிணற்றுக்கட்டில் நீல வாளி கவிழ்ந்து கிடக்கும். தெளிந்தால் நிமிர்ந்து இருக்கும். படலைக்கு வருகிறவர்கள் முதலில் கிணற்றைத்தான் பார்ப்பார்கள். கவிழ்ந்து கிடந்தால் பால் கொண்டு வரும் கிருபன் சத்தமில்லாமல் போத்தலை வேலியில் கொளுவிவிட்டுப் போவான். தபால்காரர் கடிதத்தை என்னிடம் தருவார். வாய்க்கால் தண்ணீர் முறை சொல்ல வருகிறவர் சைக்கிளில் இருந்து இறங்காமலே திரும்பிவிடுவார். நானும் தேங்காய்த் துருவலை இரவல் வாங்கப் போகிறதென்றால் முதலில் வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பேன். வாளி நிமிர்ந்திருந்தால் அந்த வீட்டைப்போலச் சந்தோசமான வீடு இந்த ஒழுங்கையில் இல்லை.

இது ஊருக்கெல்லாம் தெரியும், ஏரம்பு அண்ணைக்கு மட்டும் தெரியாது. அதுதான் கூத்து. டெங்குக் கூட்டத்தில் சுகாதாரப் பரிசோதகர் தண்ணீர் தேங்க விடக்கூடாது என்று சொல்ல, இவர் எழும்பி, "எங்கட வீட்டில விமலா வாளியைக் கவிழ்த்துத்தான் வைக்கிறவா, எத்தினையோ வருசமா," என்றார் பெருமையாக. கூட்டத்தில் எல்லோரும் நிலத்தைப் பார்த்தோம்.

பயிற்சி முடிந்து, வாளி நிமிர்ந்த பிறகு ஒரு பின்னேரம் அவர் வேலிக்கு வந்தார். தேனுகா சொன்னபடி வீட்டிலும் கேட்டுவிட்டாராம். "விமலாவும் தண்ணி எண்டுதான் சொல்லுறா," என்றார். பின்னால் முற்றம் கூட்டிக்கொண்டு நின்ற விமலக்கா தலை நிமிரவில்லை.

அவர்களுக்கு ஒரே பிள்ளை பிரியந்தினி. போன வருடம் நெளுக்குளத்தில் கலியாணம் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை தர்சன் வவுனியாவில் மோட்டார் சைக்கிள் திருத்துகிறவன், சூதுவாது தெரியாத பிள்ளை. பிரியந்தினிக்கு அப்போது ஏழாம் மாதம். தலைப்பிள்ளைப் பேறு தாய் வீட்டில்தான் என்பது எங்கள் வழக்கம். ஏரம்பு அண்ணை தலைகால் தெரியாமல் நின்றார். மகளின் அறைக்கு வெள்ளையடித்தார். மின்விசிறி பூட்டினார். வயிற்றுப் பிள்ளைக்காரி குந்தக்கூடாது என்று கொமட் வைத்துக் கக்கூஸ் கட்டினார். வயலில் இருந்து வந்து உடம்பு கழுவாமலே அந்த அறைக்குள் போய் விசிறியைப் போட்டுப் பார்ப்பார். பிள்ளை பிறந்து தவழும்போது விழக்கூடும் என்று கிணற்றுக்கட்டை இன்னும் ஒரு முழம் உயர்த்திக் கட்டுவதற்குக் கல்லும் பறித்து வைத்திருந்தார்.

மகள் வரவில்லை. முதலில் வெயில் என்றாள். பிறகு ரோட்டுச் சரியில்லை, குலுக்கும் என்றாள். அதன் பிறகு வவுனியா டொக்டர்தான் தன்னைப் பார்க்கிறார், மாற்றமுடியாது என்றாள். கடைசியில், அம்மா இங்கே வந்து நிற்கட்டும், நான் அங்கே வரவில்லை என்று சொல்லிவிட்டாள். ஏரம்பு அண்ணைக்கு முகத்தில் ஈயாடவில்லை. "நான் அவளுக்கு என்ன குறை வைச்சனான்? ஒரு சொல்லுச் சொல்லியிருப்பனோ?" என்று என்னிடம் கேட்டார். மாப்பிள்ளை வீட்டார் மனத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்றார், விமலக்கா செல்லம் கொடுத்துக் கெடுத்தது என்றார். பிறகு வாய் மூடிக்கொண்டது. வாளி கவிழ்ந்தது. கல்லுக் குவியல் முற்றத்தில் அப்படியே கிடந்தது.

அந்த வாளி நிமிரக் காணாத நாட்களில் ஒன்றில்தான் தர்சன் வந்தான்.

நான் முற்றத்தில் செத்தல் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மோட்டார் சைக்கிள் வந்து நின்ற சத்தம் கேட்டது, படலை திறந்த சத்தம் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தால், உச்சி வெயிலில், பையில் மாம்பழத்தோடு பிள்ளை ஒழுங்கையில் நிற்கிறான். கூப்பிடலாம் என்று வேலிக்குப் போனேன். அதற்குள் ஏரம்பு அண்ணை வயலில் இருந்து சைக்கிளில் வந்து அவனுக்குப் பின்னால் இறங்கினார். கோபம் எல்லாம் வீட்டோடுதான். வீட்டுக்கு வந்த மருமகனிடம் காட்டுகிற ஆளில்லை.

"ஏன் தம்பி வெயிலுக்குள்ள நிக்கிறியள்? உள்ள வாங்கோவன்."

"இல்லை மாமா, வாளி கவிண்டு கிடக்கு. நிமித்தட்டும் எண்டு நிக்கிறன்."

ஏரம்பு அண்ணைக்கு விளங்கவில்லை. "வாளியோ? அது டெங்குக்கு விமலா கவிழ்க்கிறது."

தர்சன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் கள்ளம் இல்லை, அதுதான் என்னைக் கொன்றது. "பிரியந்தினி சொல்லித்தான் விட்டவா மாமா. வாளி கவிண்டு கிடந்தா மாமா சரியில்லை, ஒருத்தரோடயும் கதைக்க மாட்டார், படலைக்கு வெளியில நில்லுங்கோ எண்டு. நல்ல வழிதானே. எனக்குக் கோவம், இப்ப வராதேங்கோ எண்டு முன்னமே சொல்லி வைக்கிற மாதிரி. நீங்கள்தானே கவிழ்த்து வைக்கிறனீங்கள்?"

என் கையில் இருந்த சுளகு சரிந்து மிளகாய் எல்லாம் நிலத்தில் கொட்டியது. மகள் அடையாளத்தைச் சொல்லிக்கொடுத்தவள், அது தகப்பனுக்குத் தெரியாது என்பதைச் சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டாள். மற்ற எந்த வீட்டு மருமகனும் விடமுடியாத பிழையை அந்த அப்பாவிப் பிள்ளை விட்டுவிட்டான்.

ஏரம்பு அண்ணை சைக்கிளைப் படலையில் சாத்தினார், அது விழுந்தது, எடுக்கவில்லை. நேரே கிணற்றடிக்குப் போனார். கவிழ்ந்து கிடந்த வாளியைப் பார்த்தார். பிறகு கையில் எடுத்து நிமிர்த்தினார், திரும்பக் கவிழ்த்தார். அந்த வாளி, யுத்தம் முடிந்து வந்தபோது நிவாரணத்தில் கிடைத்தது. அதன் அடி வெயில் பட்டுப் பட்டு வெளிறி வெள்ளையாகிவிட்டது. உள்பக்கம் நேற்றுக் கடையில் வாங்கியதுபோல நல்ல நீலம். நிமிர்ந்திருந்த காலத்தைவிடக் கவிழ்ந்திருந்த காலம் கூட என்று அதைப் பார்க்கிற எவருக்கும் தெரியும். இவ்வளவு காலமும் அந்த வாளியால்தான் அவர் முகம் கழுவினார்.

"கமலாசனி," என்றார் வேலியைப் பாராமல். "உனக்குத் தெரியுமோ?"

"ஓம் அண்ணை."

"வேற ஆருக்குத் தெரியும்?"

கிருபனைச் சொன்னேன், தபால்காரரைச் சொன்னேன், வாய்க்கால் முறைக்காரரைச் சொன்னேன். பிறகு, "தெரியாத ஆள் இல்லை அண்ணை," என்று முடித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் அவர் முகம் கறுத்துக்கொண்டு போனது. பேயறைந்த ஆள் மாதிரி நின்றார்.

விமலக்கா குசினி வாசலில் வந்து நின்றார். ஏரம்பு அண்ணை அவரைப் பார்த்தார்.

"நீயோ இதைத் தொடங்கினது?"

"நானில்லை."

"பேந்து?"

"பிரியந்தினி," என்றார் விமலக்கா. "அவள் அப்ப சின்னப்பிள்ளை. நான் வயலால வாறனான், நீங்கள் விறாந்தையில இருப்பியள். அப்பாவுக்குக் கோவமெண்டு அவளுக்குப் படலையில நிண்டு சொல்லேலாது. அதான் கிணத்தடியில வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதுக்கு மேல ஏறி இருப்பாள். அதைக் கண்டா நான் சத்தம் போடாம வருவன். பேந்து அவள் பள்ளிக்கூடம் போன நேரத்தில நான் கவிழ்த்து வைச்சன்."

இது எனக்கும் புதிது. வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அந்தப் பிள்ளை வாளிக்கு மேல் ஏறி இருந்து காலாட்டிக்கொண்டிருந்ததை எத்தனை தரம் கண்டிருப்பேன். விளையாடுது என்றல்லவா நினைத்தேன்.

தர்சன் பாவம், மாம்பழப் பையைப் படலையில் கொளுவிவிட்டு, என்ன நடந்தது என்றே தெரியாமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். அவன் வந்தது மாமியாரைப் பிள்ளைப்பேற்றுக்கு நெளுக்குளத்துக்குக் கூட்டிப்போகிற நாளைப் பேச. அது பேசப்படவே இல்லை.

அன்று மாலை ஏரம்பு அண்ணை வாளியைக் கொண்டுபோய் வைக்கோல் கொட்டிலுக்குள் எறிந்தார். இனி வாளி இல்லை, ஆகவே பிரச்சினையும் இல்லை என்று நினைத்தாரோ தெரியாது. அடுத்த நாள் அவருக்கு இன்னொரு அதிர்ச்சி. வாளியைக் காணாத கிருபன் படலையில் நின்று முழித்தான், உள்ளே போகவும் இல்லை, போத்தலைக் கொளுவவும் இல்லை, பாலை எங்கள் வீட்டில் தந்துவிட்டுப் போனான். வாய்க்கால் முறைக்காரர் அந்த ஒழுங்கைப் பக்கமே வரவில்லை. விமலக்கா எது எங்கே இருக்கிறதென்று தெரியாத ஆள் மாதிரித் தன் வீட்டுக்குள்ளேயே தடுமாறினார். ஒரு வாளி போனதும் அந்த வீட்டுக்கு ஒருவரும் வருகிறார்கள் இல்லை. விறாந்தையில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார் ஏரம்பு அண்ணை. எனக்கு அவர்மேல் முதன்முதலாக இரக்கம் வந்தது.

இரண்டொரு நாளில் பிரியந்தினி தாய்க்குப் போன் எடுத்தாள். ஏரம்பு அண்ணை போனைத் தானே வாங்கினார். அவருக்கு ஒரு காது மந்தம், ஆகவே எப்போதும் சத்தமாகப் போட்டுத்தான் கதைப்பார். நான் வேலியடியில் முருங்கையிலை ஆய்ந்துகொண்டு நின்றேன். ஒளித்துக் கேட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம், நன்றாகத் தெரியத்தான் நின்றேன்.

"பிள்ளை, நான் உனக்கு எப்பவாவது அடிச்சனானோ?"

"இல்லை அப்பா."

"ஏசினனானோ? நீ ஏழாம் வகுப்பில ஆட்டை அவிட்டுவிட்டு, அது நாத்து மேடை முழுக்கத் திண்டுது. அண்டைக்குக்கூட நான் உனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே."

இந்தக் கதையை அவர் எங்கள் எல்லோருக்கும் ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறார், தன் பொறுமைக்கு அத்தாட்சியாக. வேறு தகப்பன் என்றால் முதுகுத் தோலை உரித்திருப்பான், நான் ஒன்றுமே கேட்கவில்லை என்று.

அவள் சொன்னாள்.

"அதுதான் அப்பா. ஒரு சொல்லும் சொல்லேல்லை. அந்தப் போகம் வெட்டி முடியிற வரைக்கும் நீங்கள் என்னோட கதைக்கேல்லை. நான் ஒவ்வொரு நாளும் உங்களுக்கு முன்னால வந்து மன்னிச்சுக்கொள்ளுங்கோ அப்பா எண்டனான். நீங்கள் என்னைத் தாண்டிப் பாத்தனீங்கள். நான் செத்துப்போயிட்டன், அதுதான் அப்பாவுக்கு என்னைத் தெரியேல்லை எண்டு நினைச்சனான். அடிச்சிருந்தா அண்டைக்கே முடிஞ்சிருக்கும்."

ஏரம்பு அண்ணை போனைக் காதில் இருந்து எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார், அதற்குள் வேறு யாரோ இருக்கிறார்கள் போல.

"இப்ப என்ர பிள்ளை பிறந்து இரவிரவா அழும் அப்பா. நித்திரை இல்லாம உங்களுக்குக் கோவம் வரும். நீங்கள் பேசாம இருந்தா, அந்த வீட்டில நான் பச்சைப்பிள்ளையை வைச்சுக்கொண்டு எங்க போறது?"

அவர், "சரி பிள்ளை, அம்மாவை அனுப்பிவிடுறன்," என்று மட்டும் சொல்லிப் போனை விமலக்காவிடம் கொடுத்தார். நாயைக் கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டு, அதனிடம் என்ன சொல்ல வந்தோம் என்று திகைத்து, வாயை மூடிக்கொண்டார்.

அன்று பொழுதுபட வேலிக்கு வந்தார். கண் சிவந்திருந்தது.

"கமலாசனி, அண்டைக்கு நான் எந்த மூலையில நிண்டிருக்க வேணும்?"

"எனக்குத் தெரியாதண்ணை. அந்தப் பிள்ளை ஒட்டின நாலு கடதாசியிலயும் உங்கட மூலை இல்லை."

"நான் அப்பரைப் பாத்துத்தான் என்னை அளந்தனான்," என்றார். "அவரைப்போல இல்லையெண்டா நல்லவன் எண்டு நினைச்சுப்போட்டன்."

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. நெருப்பு என்று நான் ஓடிப்போய் நின்றேனே, என்னை முன்னிட்டு என் வீட்டில் என்ன கவிழ்ந்து கிடக்கிறதோ? என் மனுசனிடம் கேட்டேன். இவர் மறுபக்கம் திரும்பிப் படுத்து, "நீ படு," என்றார். விடிய எழும்பி முற்றம், குசினி, கோழிக்கூடு எல்லாம் சுற்றிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாதது எனக்கு இன்னும் பயத்தைத்தான் தந்தது. ஏரம்பு அண்ணைக்கும் அகப்படவில்லைத்தானே.

விமலக்கா நெளுக்குளத்துக்குப் போக உடுப்பு அடுக்கத் தொடங்கியிருந்தார். அந்தக் கிழமைதான் வாய்க்கால் பிரச்சினை வந்தது. ஏரம்பு அண்ணையின் முறையில் மேல் வயற்காரன் மடையை வெட்டித் தன் பக்கம் தண்ணீரைத் திருப்பிவிட்டான். கதிர் வரப்போகிற குடலைப் பயிர் காய்ந்துபோய் நிற்கிற நேரம். அவர் வயலில் இருந்து வருவதைத் தூரத்திலேயே கண்டேன். அந்த நடை எனக்குத் தெரியும். விமலக்காவுக்கும் தெரியும். விளக்குமாறு கையில், முற்றத்தில் அப்படியே நின்றுவிட்டார். வாளியும் இல்லை, கவிழ்ப்பதற்கு.

ஏரம்பு அண்ணை பேசாமல் உள்ளே வந்தார். பேசாமல் வைக்கோல் கொட்டிலுக்குள் போனார். வாளியோடு வெளியே வந்தார். கிணற்றடிக்குப் போய், ஊர் பார்க்க, அதைக் கட்டில் கவிழ்த்து வைத்தார். பிறகு திரும்பி விமலக்காவைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"எனக்குக் கோவம். உன்னோட இல்லை. மேல்வயல்காரன் மடையை வெட்டிப்போட்டான்."

விமலக்கா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். இத்தனை வருடக் குடித்தனத்தில் எதற்குக் கோபம் என்று அவருக்குச் சொல்லப்பட்டது அதுதான் முதல் தரம். மகிழ்ச்சி என்று நினைக்காதீர்கள். அவர் முகத்தில் இருந்தது சுத்தமான அதிர்ச்சி. இவ்வளவு லேசான ஒன்றைச் சொல்லவா இவ்வளவு காலம் எடுத்தது என்ற அதிர்ச்சி. பிறகு அழத் தொடங்கினார், ஏரம்பு அண்ணை பக்கத்தில் நின்று என்ன செய்வதென்று தெரியாமல் தேத்தண்ணி கேட்டார். நாயிடம் இல்லை, விமலக்காவிடம்.

விமலக்கா அதை மகளுக்குச் சொல்ல, மகள் நம்பவில்லை. அப்பாவுக்காக நீங்கள் பொய் சொல்லுகிறீர்கள் என்றாளாம். பொய்யென்றால் வந்து பார் என்று நான்தான் போனைப் பறித்துச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை தர்சன் ஓட்டோ பிடித்து மெதுவாக அவளைக் கூட்டிக்கொண்டு வந்தான். கையில் ஒரு சின்னப் பை மட்டும். பின்னேரம் திரும்பிப் போகிற ஆயத்தம் என்று பார்த்ததுமே தெரிந்தது. படலைக்கு வெளியே இறங்கினாள். வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, பழக்கத்தில், முதலில் கிணற்றைப் பார்த்தாள்.

வாளி கவிழ்ந்து கிடந்தது.

அவள் முகம் செத்துப்போயிற்று. திரும்பி ஓட்டோவின் கம்பியைப் பிடித்தாள். இந்த மனிதன் இன்றைக்குப் பார்த்து ஏன் இப்படிச் செய்தார் என்று கத்தியே இருப்பேன். அதற்குள் ஏரம்பு அண்ணை விறாந்தையில் இருந்து இறங்கிப் படலைக்கு ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

"பிள்ளை, நில். வாளி கவிண்டுதான் கிடக்கு. எனக்குக் கோவம்தான். உன்னோட இல்லை. மேல்வயல்காரன் இண்டைக்கும் தண்ணியைத் திருப்பிப்போட்டான். அது அவனோட. நீ உள்ள வா."

பிரியந்தினி கம்பியில் இருந்து கையை எடுக்கவில்லை. தகப்பனைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், திரும்பத் தகப்பனைப் பார்த்தாள். முன்பின் தெரியாத ஆள் ஒருவர் வந்து தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல் இருந்தது அவள் பார்வை.

"ஆர் கவிழ்த்தது?"

"நான்தான்."

படலை இன்னும் திறக்கவில்லை. அவள் கையில் இருந்த சின்னப் பையைப் படலைக்கு மேலால் தகப்பனிடம் நீட்டிவிட்டு, ஓட்டோப் பக்கம் திரும்பினாள்.

"இஞ்சருங்கோ," என்றாள் தர்சனிடம். "நாளைக்கு வரேக்குள்ள பிள்ளைப்பேற்றுக்கு அடுக்கின மற்றப் பையையும் கொண்டு வாங்கோ."